அறியாததைத் தேடும் வழி

சிக்கல்களைத் தீர்க்கும் திறன் கற்பிக்கத்தக்கதா, அல்லது பிறவி நுண்மையாலும் நீண்ட பழக்கத்தாலும் சிலருக்கு மட்டும் வாய்ப்பதா என்னும் வினா, கல்வியாளர்களின் வினாவாகத் தோன்றினாலும், அடிப்படையில் மெய்யியலுக்கு உரியது. தெரிந்த மூன்று அளவுகளிலிருந்து தெரியாத நான்காவதைக் காணும் திரைராசிக விதியைக் கற்ற மாணவன், அவ்விதியின் எல்லைக்குள் வரும் கணக்குகளையெல்லாம் போட்டுவிடுவான். எந்த விதிக்குள் அடங்கும் என்றே தெரியாத கணக்கு ஒன்று எதிர்ப்படும்போது அவனுக்கு வேண்டியது இன்னொரு விதியா, விதி அல்லாத வேறொன்றா? விதி என்றால், அதைப் பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான் என்று காட்ட மற்றுமொரு விதி தேவைப்படும், அந்தத் தொடருக்கு முடிவே இராது. விதி அன்று என்றால், ஆசிரியர் அதை எவ்வாறு எடுத்துக் கொடுப்பார் என்பது விளங்காது. ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட், 1781இல் வெளியிட்ட தம் தலையாய நூலில் இந்த முட்டுச்சந்தைக் கண்டு, விதியை இடமறிந்து பொருத்தும் ஆற்றலைப் பயிற்சியால் வளர்க்கலாமேயன்றிப் போதனையால் தர இயலாது என்று முடிவு கட்டினார். அம்முடிவு முழுவதும் சரிதானா என்று பார்ப்பதற்கு, அவருக்கு மிக முந்திய ஒரு விவாதத்திலிருந்து தொடங்குவது தக்கது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேட்டோ எழுதிய 'மெனோ' என்னும் உரையாடலில், நல்லொழுக்கம் இன்னதென்று தமக்குத் தெரியாது எனக் கூறிக்கொண்டே அதைத் தேடலாம் வாரும் என்று அழைக்கும் சாக்ரட்டீசை மெனோ ஒரு தடையால் மடக்குகிறார். ஒருவர் தமக்குத் தெரிந்ததைத் தேட வேண்டிய தேவை இல்லை, ஏனெனில் அது ஏற்கெனவே கையில் உள்ளது. தெரியாததைத் தேடவும் இயலாது, ஏனெனில் எதைத் தேடுவது என்பதே தெரியாது, தற்செயலாக எதிர்ப்பட்டாலும் இதுதான் அது என்று அடையாளம் காண முடியாது. இத்தடைக்கு விடையாகச் சாக்ரட்டீஸ், கணிதம் கற்றிராத அடிமைச் சிறுவன் ஒருவனை அழைத்து, 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தைத் தரையில் வரைந்து, அதன் 4 சதுர அடிப் பரப்பை இருமடங்காக்கும் சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். சிறுவன் பக்கத்தையும் இருமடங்காக்கி 4 அடி என்கிறான். பரப்பு 16 ஆகிவிடுகிறது. பிறகு இடைப்பட்ட 3 அடியைச் சொல்கிறான்; பரப்பு 9 ஆகிறது, வேண்டியதோ 8. அதன்பின் தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். அப்போது சாக்ரட்டீஸ் நான்கு சதுரங்களை ஒட்டி வரைந்து, ஒவ்வொன்றையும் ஒரு மூலைவிட்டத்தால் பாதியாக வெட்ட, நான்கு பாதிகளும் நடுவில் சேர்ந்து 8 சதுர அடி கொண்ட சாய்ந்த சதுரமாக நிற்கின்றன. முதற் சதுரத்தின் மூலைவிட்டமே வேண்டிய பக்கம் என்பது வெளிப்படுகிறது. ஆன்மா முன்பே அறிந்திருந்ததை நினைவுகூர்வதே கற்றல் எனச் சாக்ரட்டீஸ் இதிலிருந்து முடிவுக்கு வருகிறார்.

இந்த முடிவை ஏற்பதற்கு முன் அவருடைய வினாக்களின் தன்மையைக் கவனிக்க வேண்டும். நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் விடை தெரிந்தவர் பிறருக்குத் தெரியுமா என்று அறியக் கேட்பது அறிவினா, தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா, இதுவோ அதுவோ எனத் துணியாமல் கேட்பது ஐயவினா. சாக்ரட்டீஸ் சிறுவனிடம் கேட்டவை அனைத்தும் அறிவினாக்கள். அதுவுமன்றி, தீர்வுக்குத் திறவுகோலான மூலைவிட்டத்தை வரைந்தவர் அவரே. சிறுவன் அதை 'நினைவுகூர்ந்ததாக' எங்கும் காணவில்லை. இக்குறையைப் பிளேட்டோவைப் படித்த பலரும் சுட்டியுள்ளனர், அது நியாயமான குறைதான். எனினும் இப்பகுதியில் சிறுவன் தானாகச் செய்த ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. மூன்று மூன்றாக அடுக்கினால் 9 வரும், 9 என்பது 8 அன்று என்பதை அவனே கண்டான். தீர்வைக் காணும் திறன் இல்லாதவனிடமும், முன்வைக்கப்பட்டது தீர்வுதானா என்று சோதிக்கும் திறன் இருந்தது. மெனோவின் தடை இந்த இரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே வலுவுடையதாகத் தோன்றுகிறது. தவறான இரண்டு விடைகளும் வீணாகவில்லை என்பதும் இதோடு சேர்ந்தது: வேண்டிய பக்கம் 2க்கு மேல், 3க்குக் கீழ் என்ற எல்லையை அவை வகுத்துத் தந்தன, அவன் அறியாமைக்கு ஒரு வடிவம் கிடைத்தது.

சிறுவன் ஏன் எண்ணால் விடை சொல்ல முடியாமல் திணறினான் என்பதற்குக் கணிதக் காரணமும் உள்ளது. சதுரத்தின் பக்கத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் உள்ள விகிதத்தை எந்த இரண்டு முழு எண்களாலும் துல்லியமாகச் சொல்ல இயலாது. அதனால்தான் சாக்ரட்டீஸ், எண்ணிச் சொல்ல விருப்பமில்லையென்றால் எந்தக் கோடு என்று காட்டு எனத் தம் கேள்வியை மாற்றிக்கொள்கிறார். வேள்விக் குண்டங்களைக் கயிறும் முளையும் கொண்டு அமைக்கும் முறையைக் கூறும் பௌதாயன சுல்ப சூத்திரம், சதுரத்தின் குறுக்கே இழுத்த கயிறு இருமடங்கு பரப்பை உண்டாக்கும் என்ற இதே செய்தியைத் தருவதோடு, ஒன்றுடன் அதன் மூன்றில் ஒரு பங்கையும் அதில் நான்கில் ஒரு பங்கையும் கூட்டி, இறுதியில் சேர்த்த பகுதியின் முப்பத்துநான்கில் ஒரு பங்கைக் கழிக்கும்படி ஒரு கணிப்பையும் கூறுகிறது. அது ஐந்து தசம இடங்கள் வரை பிழையற்றது. வேள்விக்களத்தில் அளவு பிசகாமல் இருக்க வேண்டும் என்ற கவலைதான் அங்கே கணிதத்தை நடத்திச் சென்றது. ஒரே வடிவம் ஒரு மரபில் கட்டுமான விதியாகவும் மற்றொன்றில் ஆன்மா அழியாதது என்பதற்குச் சான்றாகவும் நின்றிருக்கிறது.

மெனோவின் தடை கிரேக்கத்துக்கு மட்டும் உரியதன்று. பிரம்ம சூத்திரத்தின் முதல் சூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தில் ஆதிசங்கரர் அதே தடையை எதிர்வாதியின் குரலில் எழுப்புகிறார்: பிரம்மம் அறியப்பட்டதென்றால் அதை ஆராய விரும்புவதற்கு இடமில்லை, அறியப்படாததென்றால் ஆராயவே இயலாது. அவர் தரும் மறுமொழி முற்பிறப்பு நினைவை நாடவில்லை. 'தான்' என்னும் உணர்வு எவருக்கும் உண்டு, தான் இல்லை என்று எவரும் எண்ணுவதில்லை. ஆகவே தேடப்படும் பொருள் பொதுநிலையில் அறியப்பட்டதே. ஆனால் அந்தத் 'தான்' உடலா, பொறிகளா, மனமா, கணந்தோறும் தோன்றி மறையும் உணர்வா என்பதில் கொள்கைக்குக் கொள்கை மாறுபாடு இருப்பதால் சிறப்பு நிலையில் அது துணியப்படவில்லை. பொதுவாக அறிந்தும் சிறப்பாக அறியாமலும் இருக்கும் இந்த இடைநிலையே தேடலுக்குரிய நிலம். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதையே இன்னும் இறுக்கமாகக் கூறுகிறார். நியாயம், அதாவது முறைப்பட்ட ஆராய்ச்சி, முற்றிலும் அறியப்படாத பொருளிலும் செல்லாது, துணியப்பட்ட பொருளிலும் செல்லாது, ஐயத்துக்குரிய பொருளில் மட்டுமே செல்லும் என்பது அவர் கருத்து. அந்த மரபில் ஐயம் என்பது வெறும் தெரியாமையன்று. அந்தி மங்கலில் தொலைவில் உயரமாக நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று மயங்குபவர், உயரம் என்ற பொதுத்தன்மையைக் கண்டு, கை கால் போன்ற சிறப்புத்தன்மையைக் காணாமல், இரண்டு முடிவுகளுக்கு இடையே நிற்கிறார். ஐயம் தன் எதிர்வழிகளின் பெயரைச் சொல்லத் தெரிந்த அறியாமை.

இதைக் கொண்டு நோக்கினால், சிக்கல் தீர்க்கும் உத்திகள் எனப்படுபவை உண்மையில் என்ன செய்கின்றன என்பது தெளிவாகும். அவை விடையைத் தருவதில்லை. அறியாவினாவை ஐயவினாவாக மாற்றுகின்றன. மிகப் பழைய உத்தி பின்னிருந்து முன்னே செல்வது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ், தேடுவதைக் கிடைத்துவிட்டதாகக் கொண்டு, அது எதனால் வரும், அதற்கு முந்தியது எதனால் வரும் என்று படிப்படியாகப் பின்வாங்கி, ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் போய்ச் சேர்வதைப் பகுப்பு என்றும், அங்கிருந்து திரும்பி வந்து நிறுவுவதைத் தொகுப்பு என்றும் விளக்கினார். 499இல் ஆரியபடர் தம் நூலில் கூறும் விலோம விதி, அதாவது தலைகீழ் விதி, எண்ணியலில் இதே வழியைப் பின்பற்றுகிறது: பெருக்கியதை வகு, வகுத்ததைப் பெருக்கு, கூட்டியதைக் கழி, கழித்ததைக் கூட்டு. ஓர் எண்ணை 3ஆல் பெருக்கி, 4 கூட்டி, 2ஆல் வகுத்தால் 11 வருகிறது என்றால், 11ஐ இருமடங்காக்கி 22, அதில் 4 போக 18, அதை 3ஆல் வகுக்க 6 என்று முடிவிலிருந்து தொடக்கத்துக்கு நடந்துவிடலாம். 1150இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கரர், உலகமெல்லாம் ஹரி நிறைந்திருப்பதுபோலக் கணக்கெல்லாம் திரைராசிகம் நிறைந்திருக்கிறது என்று கூறியதை வெறும் அணியாகக் கொள்ள வேண்டியதில்லை. பலவாகத் தோன்றும் கணக்குகளுக்குள் ஒரே உறவைக் காணும் பார்வையை வேதாந்தம் பழக்கிய மனம் எளிதில் பெறும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

இவ்வுத்திகளை ஒரு முழுமையான முறையாக்கிவிட முடியும் என்று நம்பியவர் ரெனே டெகார்ட். 1637இல் வெளிவந்த 'முறை பற்றிய உரை'யில், ஐயத்துக்கு இடமின்றித் தெளிந்ததையே ஏற்பது, சிக்கலை இயன்ற அளவு கூறுகளாகப் பிரிப்பது, எளியதிலிருந்து அரியதற்கு ஏறுவது, எதுவும் விடுபடவில்லை என்று முழுவதும் சரிபார்ப்பது ஆகிய நான்கு விதிகளை அவர் வகுத்தார். இவற்றைப் படித்த லைப்னிட்ஸ், வேண்டியதை எடு, செய்ய வேண்டியபடி செய், விரும்பியது கிடைக்கும் என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்று கேலி செய்தார். கேலி கடுமையானது, ஆனால் குறி தவறவில்லை: எந்தக் கூறுகளாகப் பிரிப்பது என்று தெரிந்தவருக்கு விதி தேவையில்லை, தெரியாதவருக்கு அது உதவாது.

புடாபெஸ்டில் 1887இல் பிறந்து, சூரிச்சிலும் பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் கற்பித்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட 'தீர்ப்பது எப்படி' என்ற நூல் டெகார்ட்டின் கனவைச் சிறிதாக்கி மண்ணுக்கு இறக்கியது. சிக்கலைப் புரிந்துகொள்வது, திட்டம் வகுப்பது, திட்டத்தை நிறைவேற்றுவது, முடிவைத் திரும்பிப் பார்ப்பது என்ற அவருடைய நான்கு படிகள் இன்று பள்ளிச் சுவர்களில் தொங்கும் அளவுக்குப் பரவிவிட்டன. அந்த அளவிலேயே அவை நின்றுவிட்டதால், நூலின் உயிரான பகுதி பின்னுக்குப் போய்விட்டது. அந்த உயிர் அவர் எழுதிவைத்த வினாக்களில் உள்ளது. தெரியாதது எது, தரப்பட்டவை எவை, நிபந்தனை என்ன, இதே தெரியாததைக் கொண்ட வேறு கணக்கு நினைவுக்கு வருகிறதா, இது முடியாவிட்டால் இதனினும் எளிய ஒன்றைத் தீர்க்க முடியுமா என ஆசிரியர் மாணவனிடம் கேட்கக் கேட்க, ஒரு நாள் அவ்வினாக்களை மாணவன் தன்னிடமே கேட்கத் தொடங்குவான் என்பது போல்யாவின் எதிர்பார்ப்பு. வெளியிலிருந்து வந்த அறிவினா உள்ளே குடியேறி ஐயவினாவாகிறது. அடிமைச் சிறுவனிடம் சாக்ரட்டீஸ் நடத்திய உரையாடலை ஒரே மனத்துக்குள் நிகழ்த்தப் பழகுவதுதான் இது, ஆன்மாவின் பழைய நினைவு இதற்குத் தேவைப்படவில்லை.

ஆனால் போல்யாவின் வினாக்களும் தாமாக வேலை செய்வதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஒத்த கணக்கை நினைவுகூர் என்பது எளிய அறிவுரை. 1980இல் மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனைகளில், ஒரு கோட்டையைப் பல வழிகளால் சிறுசிறு படைகளாகப் பிரிந்து சென்று தாக்கிய தளபதியின் கதையைப் படித்தவர்களிடம், சுற்றியுள்ள திசுக்களைக் கெடுக்காமல் கதிர்வீச்சால் கட்டியை அழிக்கும் வழி கேட்கப்பட்டது. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைக் கட்டியில் குவிப்பதே விடை. கதையைப் பயன்படுத்துமாறு சொன்னபோது பெரும்பாலோர் அதைக் கண்டனர். சொல்லாதபோது கண்டவர்கள் சிறுபான்மையினரே. விடை மனத்துக்குள் இருந்தது, அதை அழைக்கும் வினாதான் இல்லை. மறுபுறம், கணிதக் கல்வி ஆய்வாளர் ஆலன் ஸ்கோன்ஃபெல்ட் 1985இல் எழுதிய நூலில், மாணவர்கள் கணக்கைப் படித்தவுடன் ஒரு வழியில் இறங்கி, அது எங்கும் இட்டுச் செல்லாதபோதும் நின்று யோசிக்காமல் நேரம் தீரும்வரை அதிலேயே உழல்வதைப் பதிவு செய்தார். தேர்ந்த கணிதவியலாளர்களும் தவறான வழிகளில் இறங்கினர், ஆனால் இடையிடையே நின்று, இப்போது செய்வது என்ன, ஏன் என்று தம்மைக் கேட்டுத் திரும்பி வந்தனர். காண்ட் கூறிய இடமறியும் ஆற்றலில் ஒரு பகுதி இந்தத் திரும்பிப் பார்த்தல். அதைப் பழக்கலாம் என்பதை ஸ்கோன்ஃபெல்டின் வகுப்பறைகள் ஓரளவு மெய்ப்பித்தன. ஆகவே காண்டின் முடிவை மறுக்க வேண்டியதில்லை, ஆனால் போதனைக்கும் பயிற்சிக்கும் இடையே அவர் எழுப்பிய சுவர் அவர் எண்ணியதைவிடத் தாழ்வானது.

அன்றாட வாழ்வின் சிக்கல்களுக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. இளைஞர்கள் கணிதத்தில் வல்லவராகலாம், ஆனால் நடைமுறை அறிவுடையவராவதில்லை, ஏனெனில் பின்னது தனித்தனி நிகழ்வுகளின் அனுபவத்தால் வருவது, அதற்குக் காலம் வேண்டும் என்று அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலில் கூறியது இன்றும் பொருந்துகிறது. கணக்கில் தரப்பட்டவை எவை என்பது கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும். பாகப்பிரிவினையிலோ மகளின் மேற்படிப்பைப் பற்றிய முடிவிலோ தரப்பட்டவற்றைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. திருக்குறள் வினைசெயல்வகையில் பொருள், கருவி, காலம், வினை, இடம் என்ற ஐந்தையும் இருள் நீங்க எண்ணிச் செய்யச் சொல்வதும், அவ்வினையின் உட்புறம் அறிந்தவரின் கருத்தைக் கொள்ளச் சொல்வதும் இதனால்தான். அங்கே வள்ளுவர் தருவது வழிமுறை அன்று, விடுபட்டுப் போகக்கூடியவற்றின் பட்டியல். போல்யாவின் வினாக்களோடு அதற்குள்ள உறவு நெருக்கமானது.

கேள்வியே சரிதானா என்று கேட்கும் இன்னொரு படியைப் பௌத்தம் வலியுறுத்தியது. மணிமேகலையின் முப்பதாம் காதை, வினாவுக்கு விடை கூறும் வகைகளைத் துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என நான்காகப் பிரிக்கிறது. தோன்றியது அழியுமா என்றால் அழியும் என்று நேரே சொல்லிவிடலாம். இறந்தவன் மீண்டும் பிறப்பானா என்றால் பற்று அற்று இறந்தவனா, அறாமல் இறந்தவனா என்று பிரித்துத்தான் சொல்ல இயலும். மூன்றாவதில் கேட்டவரையே எதிர்வினாவால் தெளிவுபடுத்தச் செய்ய வேண்டும். ஆகாயப்பூ பழையதா புதியதா என்று கேட்பவருக்கு மௌனமே விடை. குடும்பங்களில் ஆண்டுக்கணக்காக நீளும் பூசல்களில் பல, கூறிட்டு மொழிய வேண்டியதற்குத் துணிந்து சொன்னதால் விளைந்தவை. சில ஆகாயப்பூவின் வயதைப் பற்றியவை. இந்த நான்கு வகைப் பாகுபாட்டைப் பள்ளிக் கணிதமும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குத் தடை ஏதுமில்லை. விடையில்லாத கணக்கை வேண்டுமென்றே கொடுத்து, விடையில்லை என்று சொல்லத் துணியும் மாணவனுக்கு மதிப்பெண் தரும் தேர்வு அரிதாகவே உள்ளது.

கணக்கும் வாழ்வும் ஒரே இடத்தில் சந்திக்கும் உவமை ஒன்று அத்வைத மரபில் உண்டு. ஆற்றைக் கடந்த பத்துப் பேர், எல்லோரும் கரை சேர்ந்தார்களா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுபவர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒன்பதே வருகிறது, பத்தாமவன் ஆற்றோடு போனான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். வித்யாரண்யர் பஞ்சதசியிலும், தாண்டவராய சுவாமிகள் தமிழில் கைவல்ய நவநீதத்திலும் இதைக் கொண்டு அறியாமை முதல் ஆனந்தம் வரை ஏழு நிலைகளை விளக்குகின்றனர். எண்ணும் முறையில் அவர்களிடம் பிழையில்லை. எத்தனை முறை சரிபார்த்தாலும் ஒன்பதுதான் வரும். பிழை, எண்ணப்பட வேண்டியவை எவை என்று வகுத்துக்கொண்ட இடத்தில் இருக்கிறது. அவ்வழியே வந்தவர் முதலில் பத்தாமவன் இருக்கிறான் என்கிறார். அது பரோட்ச ஞானம், அதாவது பிறர் சொல்லால் வந்த மறைமுக அறிவு. பின்னர் பத்தாமவன் நீயே என்கிறார். அது அபரோட்ச ஞானம், நேரடி அறிவு. தீர்வு உண்டு என்று அறிவதும் தீர்வை அறிவதும் தனித்தனிப் படிகள் என்பதை இந்த மரபு தெளிவாகப் பிரித்துவைத்தது. தீர்வு உண்டு என்ற உறுதியே தேடலின் போக்கை மாற்றிவிடும் என்பதைக் கடினமான கணக்கோடு போராடியவர் அறிவர். சாக்ரட்டீஸ் தம் கையால் மூலைவிட்டத்தை வரைந்துவிட்டு, தாம் எதையும் கற்பிக்கவில்லை என்று சொன்னார். அத்வைதிகளோ வழிப்போக்கர் ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்ததை மறைக்காமல் கதையிலேயே வைத்தனர். கற்பித்தல் பற்றிய கணக்கில் இவர்களே நேர்மையானவர்கள் என்று கூறலாம்.

பஞ்சதசி இக்கதையில் மேலும் ஒரு செய்தியைச் சேர்க்கிறது. பத்தாமவன் தானே என்று அறிந்த அக்கணமே அழுகை நின்றுவிடுகிறது, ஆனால் தலையில் அடித்துக்கொண்டதால் உண்டான புண் ஆற ஒரு மாதம் ஆகிறது. ஞானம் பெற்ற பின்னும் பிராரப்தம், அதாவது ஏற்கெனவே பலன் தரத் தொடங்கிவிட்ட பழவினை, தன் காலம்வரை உடலில் தொடரும் என்பதை விளக்கவே வித்யாரண்யர் இதைச் சொன்னார். தீர்க்கப்பட்ட கணக்கு தன்னைத் தவறாகப் போட்ட முயற்சிகளின் சுவடு எதையும் விடையில் விட்டுவைப்பதில்லை. சிறுவன் சொன்ன 4 அடியும் 3 அடியும் சாய்ந்த சதுரத்தில் எங்கும் இல்லை. அன்றாடச் சிக்கலில் தவறான முயற்சி ஒவ்வொன்றும் ஒருவர் மேல் பட்டிருக்கும், தீர்வு கிடைத்த பின்னும் அதற்குரிய மருத்துவம் தனியே தொடர வேண்டியிருக்கும்.